தாழ மாட்டிய படங்கள்

சாட்டின் திரையின் ஒரு கரையைச் சுவரின் உச்சியில் கொளுவிவிட்டுக் கதிரையால் இறங்கிய அமரர் சேவைக்காரர், படத்தைக் கழற்றக் குனிந்தார். குனிந்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். படத்தில் ஒரு யப்பான்காரி பக்கவாட்டாக இருந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுடைய நெற்றிக்கு நேரே, கண்ணாடியில், காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"ஐயா, உது சாமிப்படமோ?"

"சாமியுமில்லை, பூதமுமில்லை. கழட்டு தம்பி," என்றார் பொன்னம்பலம்.

இறந்தவருக்கு அவர்தான் மூத்த அண்ணன். விடிந்ததிலிருந்து எல்லாம் அவருடைய சொல்லில்தான் நடந்தது. பந்தல், பறை, குருக்கள், செத்தவீட்டுச் சாமான் கொடுக்கும் அமரர் சேவையிலிருந்து வந்த இந்த ஊதாத் திரையும் பொன் குஞ்சமும்.

உதயகலா கணவரின் தலைமாட்டில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தாள். முந்தினநாள் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறிவிடப் போன தில்லைநாதன் வரம்பிலேயே சரிந்துவிட்டார். தூக்கி வந்தபோது காலில் சேறு காயவில்லை. அந்த நேரத்திலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேசவேண்டிய தேவையும் வரவில்லை. அவளுக்காகப் பேச வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

பொட்டு வைத்தது பக்கத்து வீட்டுத் தர்சினி. போன நவராத்திரிக்குச் சுண்டல் கொண்டுவந்தவள், யப்பான் நாட்டு அம்மன் என்று நினைத்து, கையில் இருந்த சந்தனத்தைத் தொட்டு வைத்துக் கும்பிட்டும் விட்டாள். உதயகலாவுக்கு அதைத் துடைக்க மனம் வரவில்லை.

அந்த அறையில் மொத்தம் ஏழு படங்கள். ஊரில் எல்லோரும் படத்தைக் கதவு நிலைக்கு மேலே, முன்னுக்குச் சரித்து மாட்டுவார்கள். இங்கே கதிரையில் இருப்பவரின் கண் மட்டத்துக்கு மாட்டியிருந்தது. நல்லூரில் படங்களுக்குச் சட்டம் போட்டவர் பொன் நிறச் சட்டம்தான் எடுப்பாக இருக்கும் என்று இரண்டு நாள் வாதாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் மெல்லிய கறுப்பு மரத்தில் போட்டுக் கொடுத்தார். காண்டாவன வெயிலில் ஊர் கொதிக்கும்போது மழைப்படம் நடுச்சுவருக்கு வரும். மாரி பிறந்தால் அது ஓரத்துக்குப் போய், மஞ்சள் வயலும் பட்டமும் வரும். இப்போது வைகாசி. தில்லைநாதனின் தலைக்கு நேரே, மரப்பாலம் ஒன்றில் கோடு கோடாக மழை பெய்துகொண்டிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னர் அவளுடைய அண்ணன் மகன் மயூரதன் யப்பானில் இருந்து வந்தபோது விட்டுப்போன புத்தகம் ஒன்றில்தான் அவள் முதலில் அந்த மழையைப் பார்த்தாள். அடுத்தமுறை என்ன கொண்டுவர என்று அவன் கேட்க, எல்லோரும் சோறு சமைக்கிற மெசினும் கமெராவும் சொன்னார்கள். அவள், அந்த மழை வேண்டும் என்றாள். அடுத்த வருடம் அதைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகை செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒற்றி எடுப்பது என்று அவன் விளங்கப்படுத்தினான். அன்று முழுக்க அவள் அடுப்படிக்கும் படத்துக்குமாக நடந்தாள்.

அந்தக் கிழமை வந்த பொன்னம்பலம் சுவரைப் பார்த்துவிட்டு, ஆருக்குப் பைத்தியம், ஆரின்ரை விசர் இது என்று கேட்டார். தில்லைநாதனைத் தகப்பன்போல வளர்த்தவர். அவருக்கு முன்னால் உதயகலாவுக்கு நாக்கு எழும்பவில்லை.

"என்ரைதான் அண்ணை," என்றார் தில்லைநாதன், வாயில் புட்டோடு.

அதோடு அது 'தில்லையன்ரை யப்பான் விசர்' ஆகிவிட்டது. கோயில் வீதியில் கேட்டுச் சிரித்தார்கள், சந்தையில் வெங்காயம் நிறுக்கும்போதும் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். அடுத்த முறை நானே சொல்லுகிறேன் என்று அவள் ஒவ்வொரு முறையும் நினைத்தாள். எட்டு வருடம் நினைத்தாள். இன்று இந்தச் சுவரை வெறுமையாக்கினால், விசர் அவரோடு போனது என்று ஊர் சொல்லும். அவள் ஆசைப்பட்டது அவருடைய பெயரிலேயே போகும்.

அமரர் சேவைக்காரர் மறுபடி குனிந்தார்.

உதயகலா எழுந்தாள். மயங்கப் போகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் தோளைப் பிடித்தார்கள். அவள் அந்தக் கைகளை மெதுவாக எடுத்துவிட்டு, நடந்துபோய்ச் சுவருக்கு முன்னால் நின்றாள்.

"உதுகளைக் கழட்ட வேண்டாம்."

ஒப்பாரி நின்றது. பொன்னம்பலம் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீ போய் இரு. நாலு சனம் வந்து போற இடம். அவன் இருக்கேக்கை அவன்ரை விசருக்கு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்காவது வீடு வீடாய் இருக்கட்டும்."

"அது அவற்ரை விசர் இல்லை அண்ணை. என்ரை. நான்தான் கேட்டு எடுப்பிச்சனான். நான்தான் மாட்டினனான்."

பொன்னம்பலம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். செத்தவனை ஆரும் பிழை சொல்லக் கூடாது என்று அவள் தன்மேல் இழுத்துப் போடுவதாக அவருக்குப் பட்டது. அதைச் சொல்லியும் விட்டார். எட்டு வருடம் பிந்திச் சொன்ன உண்மையை இந்த வீட்டில் நம்ப ஒருவரும் இல்லை.

அப்போது, தகப்பனின் காலடியில் இருந்த மகள் ஆரணி சிரித்தாள். அழுதழுது வீங்கிய முகத்தோடு, அடக்க முடியாமல்.

"பெரியப்பா, அப்பாவுக்கு உதிலை ஒண்டுமே பிடிக்காது. அந்த மழையைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டால் தடிமனும் தும்மலும் வருது எண்டு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். ஒரு முருகன் கலண்டர் மாட்டுவம் எண்டு எத்தினை தரம் கேட்டவர். அம்மா விடேல்லை."

"அதுக்கு ஏன் அவன் தன்ரை எண்டவன்?"

பொன்னம்பலம் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தார். வாய் திறவாமல் நாடிக்கட்டு கட்டிய முகம். நெடுநேரம் பார்த்தார்.

"அவர் தன்மேலை எடுத்துக்கொண்டார்," என்றாள் உதயகலா. "நான் விட்டுட்டு இருந்தனான். இனி விடமாட்டன். நாளைக்கும் உது இஞ்சைதான் இருக்கும். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வாறவையும் பாக்கட்டும். ஆரும் கேட்டால் உதயகலாவின்ரை எண்டு சொல்லுங்கோ."

வாசலில் பறைக்காரர்கள் தேத்தண்ணி குடிக்கும் சத்தம் கேட்டது.

"உந்தத் திரையை இறக்கு தம்பி," என்றார் பொன்னம்பலம்.

அவர் கரையைக் கழற்றிவிட, திரை வழுக்கி நிலத்தில் விழுந்தது. குருக்களின் கார் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, அமரர் சேவைக்காரர் சவப்பெட்டியைப் பார்க்க வெளியே ஓடினார். கிரியை நடக்கவேண்டிய இடத்தில் ஊதாச் சாட்டின் குவிந்து கிடந்தது. பொன்னம்பலம் அதைக் குனிந்து எடுத்தார். ஒரு பக்கத்தை மடிக்க மற்றப் பக்கம் வழுக்கி இறங்கியது. மறுபடி எடுத்தார், மறுபடி வழுக்கியது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உதயகலா போய் மற்ற இரண்டு முனைகளையும் எடுத்தாள். இருவரும் எட்ட நின்று இழுத்துப் பிடித்து, இரண்டாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். கிட்ட வந்ததும் அவளுடைய முனைகளை வாங்கப் பொன்னம்பலம் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தன் கையை நீட்டியபடி நின்றாள்.

வெளியே பறை தொடங்கியது. பொன்னம்பலம் தன் கையில் இருந்த முனைகளை அவளுடைய விரல்களுக்குள் வைத்தார்.