யானைக்கு இருபது ஜோடி

சனிக்கிழமை மதியம் கீழ்க்கட்டளையில் என் வீட்டுக்கு வந்த அண்ணன், செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னான்: "நாளைக்கு நீ வரலேன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, டெபோரா."

கையில் ஒரு கிலோ மாதுளை. மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவன் மகள் ஜாஸ்மினைப் பெண் பார்க்க வருகிறார்கள். நான் மேசைமேல் இருந்த என் மரபணுச் சோதனை அறிக்கையை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதைப் படிக்கவில்லை. மாதுளைப் பையை அதன்மேல் வைத்தான்.

எங்கள் வீட்டில் சம்பந்தம் பேச உட்காரும்போதெல்லாம் அப்பா ஹார்ட் அட்டாக்கில்தான் இறந்துபோவார். அண்ணன் கல்யாணத்தின்போது அப்படித்தான் இறந்தார். எனக்கு வந்த நாலைந்து வரன்களிடமும் அப்படித்தான். உண்மையில் அவர் நாற்பது வயதில் தொடை எலும்புக் கட்டியால் ஏழு மாதம் கிடந்து செத்தார். எனக்கு அப்போது பதினொன்று. அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி, மூன்று வருடம் முன்பு என் மார்பில் வந்த முதல் கட்டிக்காக மருத்துவமனையில் படிவம் நிரப்பியபோது, வரன் பார்க்கிற பழக்கத்திலேயே என் கை 'தகப்பனார்: மாரடைப்பு' என்று எழுதிவிட்டது. முப்பத்தெட்டு வயதில் நான் யாருக்காக அதை எழுதினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கதிர்வீச்சு கொடுத்தார்கள். அடுத்த மார்பிலும் கட்டி வந்த பிறகு டாக்டர் மறுபடி கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "முதல்லயே தெரிஞ்சிருந்தா உங்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்க மாட்டோம்மா. இந்த மாதிரிப் பரம்பரைக்கு அதுவே புதுக் கட்டியைக் கொண்டுவரலாம்" என்றார்.

"நீயும் சோதிச்சுக்கணும்ணா. அப்பாகிட்டேர்ந்து இந்தக் கோளாறு உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கு இருந்தா ஜாஸ்மினுக்கும் பாதிக்குப் பாதி."

"என் ரத்தத்தை எடுத்தாதான் தெரியும்னா, நான் தெரியாமலே இருந்துட்டுப் போறேன்."

"அவ?"

அவன் வெளியே நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தான். "கல்யாணம் முடியட்டும். நாளைக்கு உன் தலையப் பாத்துட்டு யாராவது கேட்டா உனக்கு டைஃபாய்டு. சரியா?"

அவன் போன பிறகு நெடுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நோய் வந்ததிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் சுடுசோறு. கல்யாணம் ஆகாதது. கோபத்தை உள்ளேயே வைத்துக்கொண்டது. பொத்தேரி கல்லூரி நூலகத்தில், சிகிச்சைகளுக்கு நடுவே வேலைக்குப் போன நாட்களில்தான், யானையைப் பற்றிப் படித்தேன். அவ்வளவு பெரிய உடம்பு, நம்மைப்போல் பல மடங்கு செல்கள். கணக்குப்படி புற்றுநோய் முதலில் அதற்குத்தான் வர வேண்டும். அபூர்வமாகத்தான் வருகிறது. கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்து, சரிசெய்ய முடியாவிட்டால் அழித்துவிடும் காவல் மரபணு நமக்கு ஒரு ஜோடி. யானைக்கு இருபது ஜோடி. எனக்கு அந்த ஒரு ஜோடியிலும் ஒன்று பிறவியிலேயே பழுது. அன்று புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன். யானை எந்தப் பத்தியமும் இருப்பதில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. நானும் இனிமேல் கேட்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முடிச்சூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மருந்தால் முடி கொட்டிய தலையில் எதையும் கட்டிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்த அண்ணி மெட்டில்டா, "ஐயோ, ஒரு ஸ்கார்ஃபாவது..." என்று என் பின்னாலேயே வந்தாள். நேராக ஜாஸ்மின் அறைக்குப் போய்த் தாழிட்டேன். அவள் ஒரு காதில் மட்டும் கம்மலோடு திரும்பினாள். தாத்தாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். யானையையும் சொன்னேன்.

"அப்போ அதுக்கு நாப்பது வாட்ச்மேன். நமக்கு ரெண்டே ரெண்டு."

"எனக்கு ரெண்டுல ஒருத்தன் பொறந்ததுலேர்ந்து தூக்கம்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"இவங்கள்லாம் எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தாங்க அத்தை? எனக்குக் கட்டி வந்தப்புறமா?"

 மற்றக் கம்மலை அவளே போட்டுக்கொண்டாள். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. "இந்தச் சோதனை எங்க எடுக்கணும்?" என்றாள். சொன்னேன். செல்போனில் குறித்துக்கொண்டாள். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

ஹாலில் என்னைப் பார்த்ததும் பையனின் அம்மா சத்தமாகச் சிரித்தார். "பொண்ணோட அத்தையா? நம்ம ஆளுங்க மொட்டை போட மாட்டாங்களே!"

"டைஃபாய்டுங்க," என்றான் அண்ணன். "இப்பப் பரவால்ல."

"கேன்சர்ங்க," என்றேன். "ரெண்டாவது தடவை."

 பையனின் அம்மா சிரிப்பை மெல்ல இறக்கினார். "ஆண்டவர் சுகம் தருவார்" என்றார். சற்றுப் பொறுத்து, அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது...?"

"சேச்சே. எங்கப்பா அட்டாக்ல போனாரு."

என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். என் உடம்பைப் பற்றி நான் சொல்லிவிட்டேன். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவள் காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"இல்ல ஆன்ட்டி," என்றாள் ஜாஸ்மின். "தாத்தாவுக்கும் கேன்சர்தான். எனக்கு வருமான்னு தெரியாது. இந்த வாரமே டெஸ்ட் எடுக்கப்போறேன்."

அந்தப் பையன் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் எழுந்து போய்த் தட்டைப் பிடித்தான். "உள்ள போ," என்றான், உதடு அசையாமல். அவள் விடவில்லை. அவன் இழுத்தான், அவள் காலை ஊன்றி நின்றாள். இரண்டு ஜோடிக் கைகளுக்கு நடுவே ஆறு கோப்பைகளும் ஒன்றோடொன்று மோதி நடுங்கின. காப்பி விளிம்பைத் தாண்டி அவள் விரல்களில் வழிந்தது. சூடாகத்தான் இருந்திருக்கும். அவள் கையை எடுக்கவில்லை.