நாலு நிமிஷப் பங்குதாரர்

பெயின்ட் கடையில் பங்கு கேட்டுக் கேட்டுப் பதினெட்டு வருஷமாக வாய் ஓய்ந்துபோன மனுஷன் அவள் அப்பா. கடை பெரியப்பா பேரில். கலர் கலக்குவது, டின் தூக்குவது, பாக்கிக்காரன் வாசலில் போய்ப் பல்லைக் காட்டுவது எல்லாம் அப்பா. மாசம் பிறந்தால் கவரில் சம்பளம். பங்கு என்று பேச்செடுத்தால் மட்டும் பெரியப்பாவுக்குக் காது கேட்காது. தெருமுனையில் வரும் வாடிக்கையாளரின் செருப்புச் சத்தம் அதே காதில் துல்லியமாக விழும்.

அப்படிப்பட்டவர்தான் போன வாரம் ஒரு போனில் நாலு நிமிஷம் அப்பாவைச் சரிபாதிப் பங்குதாரர் ஆக்கியிருந்தார்.

அவளுக்கு அது இன்று காலை வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. எஞ்சினியரிங் படிப்பு நாலு வருஷத்துக்கும் ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் தர ஒரு அறக்கட்டளை முன்வந்திருந்தது. எழுத்துத் தேர்வில் தேறினாள், நேர்காணலில் தேறினாள். அப்பா வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டுச் சம்பளத்தை உறுதி செய்துகொள்வது ஒன்றுதான் பாக்கி. கடிதம் ரொம்ப மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. தங்கள் தந்தை சரிபாதிப் பங்குதாரர் என்று கடை உரிமையாளரே தெரிவித்திருப்பதால் உதவித்தொகை வழங்க இயலவில்லை; மறுப்பு இருப்பின் உரிமையாளர் கையெழுத்துடன் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

இன்று புதன். அவள் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். "பெரியப்பாவையே போய்ப் பாரும்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு காகிதம் டைப் அடித்து எடுத்துக்கொண்டு மத்தியானம் போனாள். வியாபாரம் மந்தமான நேரம். கல்லாவில் பெரியப்பா மட்டும்.

"வா பாப்பா. வெயில்ல வந்திருக்க. ஜூஸ் சொல்லட்டுமா?"

தன் காசில் ஜூஸ் சொல்கிறார் என்றால் விஷயம் தெரிந்திருக்கிறது.

"வேண்டாம் பெரியப்பா. ஒரு கையெழுத்து போதும்."

முதல் காகிதத்தை நீட்டினாள். அப்பா இங்கே மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார், அவ்வளவுதான் அதில். பெரியப்பா அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, சரக்கில் ஓட்டை தேடுகிறவர் மாதிரி படித்தார்.

"போன் வந்தப்ப எதிர்ல யார் உட்கார்ந்திருந்தா தெரியுமா? என் பொண்ணை, உங்க அக்காவைப் பொண்ணு கேட்டு வந்தவங்க. அவங்க முன்னால, என் தம்பி சம்பளத்துக்கு இருக்கான், அவன் பொண்ணு தர்மத்துல படிக்கப்போகுதுன்னு சொல்லச் சொல்றியா?"

"அவங்க போனப்புறம் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்ன சொல்லை மாத்தினா கடைக்கு என்ன மதிப்பு?"

"விலையைத் தினம் பத்துத் தடவை மாத்துறீங்களே பெரியப்பா."

பெரியப்பா சிரித்தார். வாடிக்கையாளர் எழுந்து போய்விடாமல் இருக்கச் சிரிக்கிற சிரிப்பு. "அக்கா கல்யாணம் முடியட்டும். அடுத்த வருஷம் இதைவிட நல்லா எழுதித் தரேன்."

"அடுத்த வருஷம் அந்தப் பணத்துல வேற யாரோ படிச்சுக்கிட்டிருப்பாங்க."

அவர் கலர் கார்டுகளை அடுக்க ஆரம்பித்தார். பேரம் முடிந்தது என்று அர்த்தம். அவள் நகரவில்லை. இரண்டாவது காகிதத்தை எடுத்துக் கார்டுகள்மேல் வைத்தாள்.

"அப்ப இதுல போடுங்க."

"இது என்ன?"

"அப்பா சரிபாதிப் பங்குதாரர்னு. நீங்க போன்ல சொன்னதுதான், ஒரு வார்த்தை கூட்டலை. பங்கு வந்துட்டா ஃபீஸை நாங்களே பார்த்துக்கிறோம்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"உங்கப்பன் சொல்லிக்குடுத்து அனுப்பினானா?"

"இல்ல. உங்க கடையில நின்னு கத்துக்கிட்டதுதான்."

"வாயால சொல்றது வேற, எழுத்துல குடுக்கிறது வேற." இரண்டு காகிதத்தையும் சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினார். குரல் இப்போது தணிந்திருந்தது. "என்னை வில்லனாக்காதே. நான் பேசினதுல உங்கப்பனுக்கே ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு இங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தான். உள்ளதான் இருக்கான், வேணும்னா கேட்டுக்க."

கடைக்குப் பின்னால் குடோன். தின்னர் வாடை மூக்கில் ஏறியது. அப்பா குந்தி உட்கார்ந்து ஒரு டின்னைக் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான்; கல்லாப் பேச்சு பாதிக்குப் பாதி இங்கே கேட்கும்.

"அந்தப் போன் வந்தப்ப நீங்க இங்கதான் இருந்தீங்களாப்பா?"

கட்டை நிற்கவில்லை. "ஸ்பீக்கர்ல போட்டிருந்தார்."

"எங்கேர்ந்து வந்த போன்னு தெரியுமா?"

"அறக்கட்டளைன்னுதான் ஆரம்பிச்சாங்க."

"அப்ப ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

அப்பா கிண்டுவதை நிறுத்தினார். "பொண்ணு கேட்டு வந்தவர் எழுந்து எனக்குக் கை குடுத்தாரும்மா. நாற்காலியைத் தள்ளிப்போட்டு, உட்காருங்க முதலாளின்னார். அண்ணன் வாயால பங்குன்னு கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு. அதை எப்படி நானே இல்லைங்கிறது?"

பெரியப்பா ஏமாற்றுவார் என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே விலையில் சேர்த்துத்தான் வந்திருந்தாள். இதைச் சேர்க்கவில்லை.

அப்பாவே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த ரெண்டாவது காகிதத்துல... அண்ணன் கையெழுத்துப் போட்டாரா?"

"இல்ல."

காலையில் கடிதத்தைப் படித்துக் காட்டியபோதுகூட அவர் முகம் இவ்வளவு வாடவில்லை.