இங்கே மன்னிப்பு எழுதி வாங்கப்படும்

“உங்களுக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்கக்கா. அது தெரியாம இனிமே நான் எந்தப் பாட்டிலையும் திறக்க மாட்டேன்.”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, இந்தக் கேள்வி மட்டும் உன் வாயிலிருந்து வரக் கூடாது என்று நிலையத்தை நடத்தும் மேடம் விரல் நீட்டிச் சொல்லியிருந்தார். நறுமண சிகிச்சை நிலையத்துக்கு வருகிறவர்களிடம் எங்கே இறுக்கமாக இருக்கிறது, நெஞ்சிலா, தோளிலா, வயிற்றிலா என்று கேட்கலாம். தூக்கம் வருகிறதா என்று கேட்கலாம். என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. நாம் புண்ணுக்கு மருந்து போடுகிறவர்கள், புண்ணைக் கிளறுகிறவர்கள் அல்ல என்பது மேடத்தின் கட்சி. ஏழு மாதமாக அவளும் அந்தத் தடையை மீறவில்லை. இன்று, பிற்பகல் மூன்று மணிக்கு, மேடம் வருவதற்கு முன்னால் கேட்டேவிட்டாள்.

எதிரே மெத்தை நாற்காலியில் இருந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பெரிய சலவைக்கூடம் ஒன்றில் துணி தேய்க்கிறவள். வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை புதுத்தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்காது. கேள்வி காதில் விழுந்ததும் அவள் முதலில் கதவைப் பார்த்தாள். மேற்பார்வையாளருக்குக் கீழே பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கதவைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

கேட்டவளை நிலையத்தில் எல்லோரும் மூக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேதியியல் படித்தவள். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். கண்ணைக் கட்டிவிட்டு எலுமிச்சை எண்ணெயை நீட்டினால், பழத்தோலிலிருந்து பிழிந்ததா தொழிற்சாலையில் செய்ததா என்று சொல்லிவிடுவாள். கோபமும் மூக்குக்கு மேலேதான் இருக்கும் என்பதால் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது. ஒன்றரை வருஷம் வேலை தேடி அலைந்து இது கிடைத்தபோது, அவள் அம்மா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள். மூக்கை எங்கே வேண்டுமானாலும் நுழை, வாயை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

வாசனையால் மனசை ஆற்றுவதாவது, ஊரை ஏமாற்றும் வேலை என்ற எண்ணத்தோடுதான் அவள் சேர்ந்தாள். ஆனால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல அவளுக்கு வராது. வருகிறவர்கள் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார்கள் என்று, எண்ணெய் வைப்பதற்கு முன்னாலும் பின்னாலும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். இருபத்திரண்டு மூச்சோடு உள்ளே வந்தவர்கள் பதினான்கோடு வெளியே போனார்கள். அமைதியான அறை, அதட்டாத ஒரு குரல், கால் நீட்ட ஒரு நாற்காலி, பாதி வேலையை இவையே செய்திருக்கலாம். மீதிப் பாதியை எது செய்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத அந்தப் பாதிக்காகவே தினமும் காலையில் ஆசையாகக் கிளம்பி வந்தாள்.

மன்னிப்பு அமர்வு மூன்று நாள் நடக்கும். முதல் நாள் லாவெண்டர் வாசனையில் மூச்சை விட்டுப் பழகுவது. இரண்டாம் நாள் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, கெடுதல் செய்தவர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வது. மூன்றாம் நாள் தன் கைப்பட ‘மன்னித்துவிட்டேன்’ என்று கடிதம் எழுதி, வாய்விட்டுப் படித்து, கிழித்துப் போடுவது. தம்பியோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் அப்படிக் கிழித்துப் போட்ட அன்று, நாற்காலியிலேயே ஒரு மணி நேரம் தூங்கினார். அவரை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. மேடமே அப்படித் தேறியவர்தான். கணவர் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு இரண்டு வருஷம் வெந்து, பிறகு மன்னித்து எழுந்தவர். மேடம் போலி என்றால் மூக்குக்காரிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் போலி இல்லை. சிக்கலே அங்கேதான்.

மூன்று மாதமாகக் கம்பெனிகள் தங்கள் ஆட்களை அனுப்ப ஆரம்பித்திருந்தன. கம்பெனி அனுப்புகிறவர்கள் எழுதும் கடிதத்தை மட்டும் யாரும் கிழிப்பதில்லை. அது உறையில் போய்க் கம்பெனி கோப்பில் சேரும். அடியில் ஒரு வரி முன்னாலேயே அச்சாகியிருக்கும்: ‘இனி எனக்கு யார் மீதும் எந்தக் குறையும் இல்லை.’

சலவைக்கூடத்து அக்கா அப்படி வந்தவள்தான். முதல் நாள் லாவெண்டரை வைத்ததும் அவள் மூச்சு பதினெட்டிலிருந்து இருபத்தேழுக்கு ஏறியது. உடம்பு நடுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. அடக்கி வைத்த துக்கம் வெளியே வருகிறது என்ற கணக்கில், மேடம் குறிப்பில் ‘நல்ல வெளியேற்றம்’ என்று எழுதினார். இரண்டாம் நாளும் அதே வாசனை; எதிரே இருந்த காலி நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு மூலையில் போய் நின்றாள். ‘மிக நல்ல வெளியேற்றம்’ என்று எழுதினார்.

மூக்குக்காரிக்கு அது செரிக்கவில்லை. நாற்பத்து மூன்று பேருக்கு மூச்சு இறங்கியிருக்க, ஒருத்திக்கு மட்டும் ஏன் ஏறுகிறது? அதனால்தான் மூன்றாம் நாளான இன்று வழக்கத்தை மாற்றினாள். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, காகிதத் துண்டுகளை வேறு வேறு எண்ணெயில் தொட்டு ஒவ்வொன்றாக நீட்டினாள். ஆரஞ்சுத் தோலுக்கு, பிள்ளைகள் சப்புகிற மிட்டாய் மாதிரி இருக்கிறது என்று அக்கா சிரித்தாள். தேவதாருவுக்கு, புது அலமாரியைத் திறந்த மாதிரி என்றாள். மூன்றாவது துண்டு லாவெண்டர். அக்காவின் இடது கை தானாகப் பாய்ந்து வலது கையைப் பிடித்து மடிக்குள் இழுத்துக்கொண்டது. கண் இன்னும் மூடித்தான் இருந்தது. மனசுக்குத் தெரியும் முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகும் கேட்காமல் இருக்க அவள் என்ன மரமா?

அக்கா மெதுவாகச் சொன்னாள். அவள் தேய்ப்பது மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் போகிற படுக்கை விரிப்புகளை. இயந்திரத்தில் கீழே ஒரு தகடு, மேலே ஒரு சூட்டுத் தகடு. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பொத்தான். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் தகடு இறங்கும். அப்போது இரண்டு கையும் வெளியே இருக்கும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு. மேற்பார்வையாளர் ஒரு பொத்தானை அழுத்தி அதன் மேல் டேப் ஒட்டிவிட்டார். ஒரு கை பொத்தானில் இருக்க, இன்னொரு கை விரிப்பைச் சரிசெய்யலாம். ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு கூடுதலாக ஆகும். அக்கா இரண்டு முறை டேப்பைப் பிய்த்துப் போட்டாள். மூன்றாம் முறையும் அவரே வந்து ஒட்டினார். உன் கை மேல எனக்கு இல்லாத அக்கறையா தங்கச்சி என்று சிரிக்கவும் செய்தார்.

“கடைசி அலசல்ல ஊதா கலர்ல ஒரு திரவம் ஊத்துவோம்மா, துணி மணக்க. சூடு பட்டதும் அந்த வாசனை ஆவியா மூஞ்சில அடிக்கும். அன்னிக்கு விரிப்பை இழுத்து விடுறப்போ தகடு கை மேல இறங்கிடுச்சு. யாரோ ஓடிப் போய் மெயினை அணைக்கிற வரைக்கும் அந்த வாசனையிலதான் நான் கத்திக்கிட்டு நின்னேன்.”

மூக்குக்காரி லாவெண்டர் துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். இரண்டு அமர்வாக இந்தக் கையைத் திரும்பத் திரும்ப அதே இயந்திரத்துக்குள் வைத்துவிட்டு, அதற்குச் சிகிச்சை என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். மேடத்திடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“யாரும் கேக்கலையேம்மா.”

மீதியும் வந்தது. கவனக்குறைவால் நடந்தது என்று கம்பெனி எழுதிவிட்டது. அக்கா தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். நாளை விசாரணை. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் மடிக்கிற பிரிவில் லேசான வேலை தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு போகத்தான் மனிதவள அதிகாரி வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார்.

மூக்குக்காரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்த மேற்பார்வையாளரை ஏழு பிறவிக்கும் மன்னிக்காதீர்கள் என்றாள். அக்கா அவளை வினோதமாகப் பார்த்தாள்.

“அவரை நான் எப்பவோ மன்னிச்சுட்டேனே. இல்லேன்னா எப்படித் தூங்குறது? ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாரு பாவம், அவரையும் மேல ஒருத்தர் விரட்டிக்கிட்டேதான் இருக்காரு. ஆனா டேப்பு இன்னும் அங்கயேதான் இருக்கும்மா. என் இடத்துல இப்ப வேற பொண்ணு நிக்குது. சின்னச் சின்னக் கை.”

மன்னிப்பதும் வாயை மூடிக்கொள்வதும் ஒன்று என்றுதான் மூக்குக்காரி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வீட்டிலும் வெளியிலும் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்க்கிறார்கள். அதனாலேயே மன்னிப்பு என்றால் அவளுக்கு வேப்பங்காய். இவளோ ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்த இரண்டும் ஒரே மனசுக்குள் இடிபடாமல் இருக்குமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். எதிரே இருந்தவளின் மூச்சை எண்ணினாள். பதினாறு. அந்த நிமிஷம் அவள் முடிவெடுத்துவிட்டாள். அக்காவின் காதருகே குனிந்து இரண்டு வார்த்தை சொன்னாள். அக்கா தலையாட்டினாள்.

மேடம் உள்ளே வந்ததுமே அறையில் லாவெண்டர் இல்லை என்பதைக் கண்டுகொண்டார். பின்னாலேயே மனிதவள அதிகாரி உறையோடு வந்து, கார் நிற்கிறது என்றார். மூக்குக்காரி ஒளிக்கவில்லை. கேட்டேன், சொன்னார், இந்த வாசனைதான் இவர் கை வெந்த வாசனை என்று நடந்ததைச் சொன்னாள். மேடத்தின் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம் அக்காவின் கையையே பார்த்தார். அப்புறம் அதிகாரியைப் பார்த்தார். பழைய குரல் திரும்ப வந்தது. தவறு நடந்துவிட்டது, வேறு எண்ணெய் வைப்போம், கடிதம் மட்டும் இன்றே முடியட்டும் என்றார். நானும் எரிந்தவள்தான், மன்னித்ததால்தான் பிழைத்தேன் என்றும் சொன்னார்.

“நீங்க மன்னிச்சப்போ உங்க கையில பேனாவைத் திணிச்சது யாரு மேடம்?”

ஊழியர்களின் மன அமைதிக்காகத்தான் கம்பெனி இவ்வளவு மெனக்கெடுகிறது, இது வெறும் சம்பிரதாயம் என்று அதிகாரி இடையில் புகுந்தார்.

அப்போது அக்கா, எழுதுகிறேன் என்று சொல்லிப் பேனாவை இடது கையில் வாங்கினாள். அதிகாரியின் தோள் தளர்ந்தது. இடது கை எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி கோணிக்கொண்டு போனது. எழுதி முடிக்கப் பத்து நிமிஷமாயிற்று. முடித்ததும், வழக்கப்படி வாய்விட்டுப் படித்தாள்.

“மேற்பார்வையாளரை மன்னித்துவிட்டேன். பொத்தானில் டேப் ஒட்டியவர் அவர். இரண்டு முறை நான் பிய்த்தேன். மூன்றாம் முறை ஒட்டிய பிறகு என் கை போனது. இப்போதும் டேப் இருக்கிறது. இதைச் செய்ததற்காகத்தான் மன்னித்திருக்கிறேன்.”

அடியில் அச்சாகியிருந்த வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இந்தக் கடிதம் செல்லாது, வேறு தாள் தருகிறேன் என்று அதிகாரி கை நீட்டினார். உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்கே இருக்கட்டும் என்று அக்கா அதை நான்காக மடித்தாள். மூக்குக்காரி அக்காவின் சிகிச்சைக் குறிப்பை எடுத்தாள். ‘மிக நல்ல வெளியேற்றம்’ என்பதற்குக் கீழே, ‘இவருக்கு லாவெண்டர் தரக் கூடாது, விபத்து நடந்த இடத்தின் வாசனை அது’ என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். இது உங்களுடையது, காதில் சொன்னபடி நானும் வருகிறேன் என்று அதை அக்காவின் கையில் கொடுத்தாள். நாளை விசாரணையில் சாட்சி சொல்லத் தானும் வருவதாக, இன்றே ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறாள் என்பது அப்போதுதான் மேடத்துக்குப் புரிந்தது. நிலையத்தின் பெயர் கெட்டால் நாளைக்கு வருகிற அந்த ஆசிரியர் மாதிரி ஆட்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

“அவங்க தேடி வந்து மன்னிக்கிறவங்க மேடம், அவங்க வரட்டும். இந்த அக்காவைக் கம்பெனி இங்க விரட்டி விட்டிருக்கு. நடந்தது என்னன்னு சொல்ல விடாம வாங்குற மன்னிப்புக்குப் பேரு வாய்ப்பூட்டு. அதுக்கு எத்தனை சொட்டு எண்ணெய் விட்டாலும் மணக்காது. மன்னிக்கிறது அவங்கவங்க மனசைத் தூங்க வைக்க, புகார் கொடுக்கிறது அடுத்தவ கையைக் காப்பாத்த. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை யாரும் பிடுங்கக் கூடாது.”

சொல்லிக்கொண்டே மேலங்கியின் முடிச்சை அவிழ்த்து, மடித்து மேசையில் வைத்தாள். அதிகாரி யாருக்கோ போன் செய்யப் போனார். மேடத்தின் குரல் முதல் முறையாக உடைந்தது. அவசரப்படாதே, ராத்திரி யோசித்துவிட்டு வா என்றார். அப்புறம், பொறுக்க முடியாமல் சொன்னார்.

“ஏழு மாசம் இங்க இருந்தும் உனக்கு மன்னிக்கத் தெரியலையே.”

மூக்குக்காரி கதவைத் திறந்து அக்காவை முன்னால் போகவிட்டாள். ஆய்வாளர் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

“உங்களை மன்னிச்சுட்டேன் மேடம். நெசமாத்தான் சொல்றேன்” என்றாள். “ஆனா போறது போறதுதான்.”