ராணிக்கு ஒரே ஒரு சொல்

சிமெண்டு ஆலையைத் தாண்டி, பேருந்து திரும்பிப் போகிற கடைசி நிறுத்தத்தில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். பாட்டு டீச்சர் வேலை பல வருடமாகக் காலி. பாட்டு அறையில் கால் உடைந்த பெஞ்சுகள் குடியிருந்தன. மேடை நாடகம் என்று ஒன்றைப் பார்த்த பிள்ளை ஒருத்தர்கூட இல்லை. அந்த இடத்துக்கு ஓபரா வருகிறது, வசனமே இல்லாமல் முழுக்கப் பாடியே நடிப்பார்கள் என்றதும் தலைமையாசிரியை வேண்டாம் என்று சொல்ல வழி தேடினாள்.

காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் அவளுடைய கணவர்தான் அந்த ஓபராக் குழுவில் ராஜா வேஷம். வீட்டில் அவர் பேச்சு பெரும்பாலும் ‘ம்’மோடு முடிந்துவிடும். ஞாயிறு தவறாமல் ஒத்திகைக்குக் கிளம்பிவிடுவார். என்ன பாடுகிறார் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இப்போது அந்த மனிதர் பிள்ளைகள் முன்னால் வாயைத் திறந்து மானத்தை வாங்கிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஒதுக்கி அரண்மனை கட்டினார்கள். ராஜா அங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த வாசல் திரை அவர் தோளில் தொங்கியது. அதைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் குழுவை நடத்தும் மருந்துக்கடைக்கார அம்மாள் பதறிக்கொண்டு வந்தாள். ராணிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், காற்றுதான் வருகிறதாம்.

நாடகத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றாள் தலைமையாசிரியை, உள்ளூர நிம்மதியோடு. அப்போதுதான் கணவர் வாய் திறந்தார்.

“நீ ராணியா நில்லு.”

“எனக்குப் பாட வராதுங்க.”

“தெரியும். ராணிக்கு மொத்தமே ஒரு வார்த்தைதான். ‘கூடாது’. அதைச் சொல்ல உன்னை விட்டா ஆள் கிடையாது.”

மருந்துக்கடை அம்மாள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகள் தனக்கு ‘கூடாது டீச்சர்’ என்று பேர் வைத்திருப்பது தலைமையாசிரியைக்குத் தெரியாததல்ல. அது வீடு வரை வந்திருப்பதுதான் தெரியாது.

கதை சுலபம். ராஜா ஆசைப்படுவதற்கெல்லாம் ராணி தடை போடுவாள். கடைசியில், பாடவாவது செய்யட்டுமா என்பார். அதற்கும் ராணி கூடாது என்றதும் மனம் வெறுத்துக் காட்டுக்குப் போவார். காட்டில் கரடிகள். முடிதிருத்துபவரும் தபால்காரரும் கரடித் தோலுக்குள் புழுங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காத்திருந்தார்கள்.

தலைமையாசிரியை கிரீடத்தோடு வந்ததும் பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். ராஜா போருக்குப் போகட்டுமா என்று பாடினார். அவள் “கூடாது” என்றாள். சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஆர்மோனியக்காரர் அவள் குரலைத் துரத்திக்கொண்டு ஓடினார். இரண்டாவது ‘கூடாது’வுக்குப் பின்வரிசை சிரித்தது. நாலாவதற்குக் கூடம் மொத்தமும் அவளோடு சேர்ந்து பாடியது. பயந்துகொண்டே வந்தவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. இழுத்து, நீட்டி, இடுப்பில் கைவைத்துப் பாடினாள்.

பிறகு ராஜா அவள் முன்னால் மண்டியிட்டார். பாடட்டுமா என்று கேட்கும் பாட்டு அது. அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதேயில்லை. இத்தனை வருடமும் ஒரே கூரையின் கீழ் இந்தக் குரல் எங்கே ஒளிந்திருந்தது? அவள் கேட்காததால் வராமலே இருந்துவிட்டதா? பாட்டு முடிந்தது. பிள்ளைகள் மூச்சை இழுத்துக்கொண்டு ‘கூடாது’வுக்குத் தயாரானார்கள்.

“பாடுங்க,” என்றாள் ராணி.

ஆர்மோனியம் நின்றது. ராஜாவுக்கு எழுந்திருக்கவும் தோன்றவில்லை. ராணி சரி என்றால் காடு ஏது, கதை ஏது? மருந்துக்கடை அம்மாள் ஓரத்தில் நின்று கையைப் பிசைந்தாள்.

முன்வரிசை வாயாடிப் பெண் ஒருத்தி எழுந்தாள். பேசினால் மரியாதையில்லை என்று நினைத்தாளோ என்னவோ, ராகம் போட்டே கேட்டாள்:

“அப்ப கரடி எப்ப வரும்?”

ராஜாவுக்கு உயிர் வந்தது. “கரடிகளே, அரண்மனைக்கு வாருங்கள்!” என்று பாடினார். எப்போது கூப்பிடுவார்கள் என்றிருந்த இரண்டு கரடிகளும் பாய்ந்து வந்ததில் ஒன்று அரியணை மேஜையோடு சாய்ந்தது. அது நாடகம்தான் என்று நினைத்து, பிள்ளைகள் கூரை அதிரக் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வருகைப்பதிவில் ஒருத்தர்கூட “உள்ளேன்” என்று சொல்லவில்லை; பாடினார்கள். ஆசிரியர்கள் புகாரோடு வந்தார்கள். நேரத்துக்கு முடித்தால் பாடட்டும் என்றுவிட்டாள் தலைமையாசிரியை.

அந்த வாரக் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் அடுத்து எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றார்.

“ராணி வேஷக்கார அம்மாவுக்குத் தொண்டை சரியாயிடுச்சா?”

“அன்னிக்குச் சாயங்காலமே சரியாயிடுச்சு. இனிமே கரடியா நடிக்கறேன்னு சொல்லிட்டாங்க.”

அவள் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு, ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.