அக்கரையில் சொன்ன சொல்

ஐவின்டைக் கொன்றதைத் தோர்கில்ஸ் ஒருபோதும் மறைக்கவில்லை. வேலித் தகராறு முற்றி ஐவின்ட் அரிவாளை ஓங்கினான். இவன் தடியால் அடித்தான். ஒரே அடியில் ஆள் போய்விட்டான். கொன்றவன் அன்றைக்கே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது நார்வே வழக்கம். சொன்னால் செத்தவன் வீட்டாருக்கு ஈட்டுப்பணம் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம். சொல்லாதவன் பாதகன், அவனை யார் வெட்டினாலும் கேள்வியில்லை.

பக்கத்து வீடு செத்தவனின் அண்ணன் வீடு. அப்படிப்பட்ட வீட்டைத் தாண்டிப் போக வழக்கம் இடம் தருகிறது. அடுத்த நார்வே வீடோ மலைக்கு அப்பால். ஓடைக்கு அக்கரையில் ஹெல்விக் என்ற விதவையின் அடுப்புப் புகை தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஓடி, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். நல்லவன்தான், அவசரக்குடுக்கை.

அக்கரை ஸ்வீடன். அதுதான் வினையாகப் போயிற்று.

ஊர்மன்றத்தில் சட்டம் சொல்லும் ஔதுன் மறுத்துத் தலையை ஆட்டினார்.

“அங்க சொன்னது இங்க செல்லாதுப்பா.”

“ரெண்டு பக்கமும் இப்ப ஒரே ராஜாதானே ஐயா? நீங்கதானே இதே இடத்துல நின்னு சொன்னீங்க?”

“ராஜா ஒண்ணு, சட்டம் ரெண்டு. அந்தம்மா சாட்சி நம்ம மன்றத்துல ஏறாது.”

சாட்சி சொல்லவே வந்திருந்த ஹெல்விக், நனைந்த பாவாடையோடு கூட்டத்துக்கு வெளியே நின்றாள்.

“நான் என்ன ஊமையா?” என்று பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தாள். அவன் நகர்ந்துகொண்டான்.

தோர்கில்ஸ் ஓடைப் பக்கம் கை காட்டினான். “அப்ப நான் அக்கரைக்கே போயிடறேன். எங்கப்பா காலத்துல ஓடினவங்கள்லாம் அங்கதானே பொழைச்சாங்க?”

“அப்ப ராஜா ரெண்டு பேரு. இப்ப இங்க விரட்டினவனுக்கு அங்கயும் இடமில்லன்னு அவரோட உத்தரவு வந்திருக்கு.”

“சொல்லப் போனா ரெண்டு நாடு, ஓடப் போனா ஒரே நாடா?”

சிலர் சிரித்தார்கள். செத்தவனின் அண்ணன் சிரிக்கவில்லை, கோடரியோடு வந்திருந்தான். ஓடிப்போகப் பொழுது சாயும்வரை தவணை என்று சொல்லிவிட்டு ஔதுன் தரையைப் பார்த்தார். அநியாயம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

மனைவி ராக்ன்ஃப்ரித் வழிக்கென்று ரொட்டியும் கருவாடும் கட்டிக் கொண்டுவந்து நீட்டினாள்.

“எந்தப் பக்கம் போறீங்க?”

அவன் மலையைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். பிறகு அங்கேயே புல்லில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தான்.

“நீயும் உக்காரு. சேந்து சாப்பிடுவோம்.”