ஆறாம் நாள் வெட்டிய டிக்கட்

டொக்டர் செலீனா செபரட்ணம் மகப்பேற்று நிபுணராவதற்கான பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனது 1954ஆம் ஆண்டு ஆனி மாதம். கல்முனையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். அதற்கு முன் இரண்டு வருடம் கிழக்குக் கரையோரத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்ட்டைத் தனியாகவே பார்த்து வந்தாள்.

பயிற்சியின் முடிவில் லண்டனில் பரீட்சை. அதற்கு விண்ணப்பிக்குமுன், தானே பார்த்த பிரசவங்களில் இருபதைத் தேர்ந்து எழுதி, தட்டச்சில் அடித்து, புத்தகமாகக் கட்டி அனுப்ப வேண்டும். என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாள், தாயும் பிள்ளையும் பின்னால் எப்படி இருந்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் வேண்டும். ஓய்வு கிடைத்த பின்னேரங்களில் செலீனா எழுதினாள்.

பதினான்காவதாக எழுதியது ஸகியாவைப் பற்றி. வரிப்பத்தான்சேனைப் பெண், வயது பத்தொன்பது, தலைப்பிள்ளை. செலீனா கொழும்புக்குப் போகுமுன், அந்த ஆண்டு மாசி மாதம், வீட்டில் இரண்டு நாள் வலியோடு கிடந்த பிறகுதான் மாட்டுக் கரத்தையில் ஏற்றி வந்தார்கள். வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுப்பதென்றால் மட்டக்களப்புக்குப் போக வேண்டும். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. செலீனா ஆயுதம் போட்டுப் பிள்ளையின் தலையைப் பிடித்து வெளியே எடுத்தாள். நீலம் பாரித்து வந்த ஆண்பிள்ளை ஏழு நிமிடம் கழித்து அழுதது. இருபதிலும் அவளுக்குப் பெருமை தந்த பிரசவம் அதுதான். வெள்ளாமை வெட்டுக் காலம், வீட்டில் ஆளில்லை என்று வீட்டார் கேட்டதால் ஆறாம் நாளே டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினாள். தாயும் பிள்ளையும் பின்னால் எப்படி இருந்தார்கள் என்ற இடம் மட்டும் எழுதாமல் கிடந்தது.

நத்தார் லீவில் ஊருக்கு வந்தபோது அதையும் கேட்டு எழுதிவிடலாமென்று புறப்பட்டாள். துணைக்குப் பெரியநீலாவணை மருத்துவிச்சி ஞானராணி வந்தாள். ஸகியாவின் பிரசவத்தில் பக்கத்தில் நின்றவள். பஸ்ஸை விட்டிறங்கி, மழையில் வழுக்கும் வயல் வரம்பால் இரண்டு கட்டை தூரம் நடந்தார்கள்.

ஸகியாவின் தாய் ஜெமீலா வாசலுக்கே ஓடி வந்தாள். "டொக்டரம்மாவா! இந்த மழைக்குள்ள ஏன் இவ்வளவு கஷ்டம்? வாங்க, வாங்க." பத்து மாதப் பிள்ளையைத் தூக்கி வந்து காட்டினாள். கொழுகொழுவென்றிருந்தான். ஸகியா குசினி வாசலோடு நின்றுவிட்டாள். கிட்டே வரவில்லை.

"எப்பிடி ஸகியா, சுகமா?"

"ஓம் டொக்டரம்மா. நல்ல சுகம்."

"காய்ச்சல், வயித்து நோவு?"

"ஒண்டுமில்ல."

செலீனா கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினாள். கைகழுவக் குசினிக்குள் போன ஞானராணி திரும்பி வந்து குனிந்து மெல்லச் சொன்னாள்: "டொக்டர், அடுப்புக்கு மேல கயிறு கட்டித் துணி காயுது. அது புள்ளைட துணியில்ல, பெரிய ஆளுட துணி. மூலைக்க சாம்பல் கொட்டி அதுக்கு மேல பாய் விரிச்சிரிக்கு."

செலீனா கொப்பியை மூடிவிட்டுக் குசினிக்குள் போனாள். மூத்திர வாடை புகையோடு கலந்து வந்தது. ஸகியா முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சொன்னாள்:

"ஊட்டுக்கு வந்து ரெண்டாம் நாள் துவங்கின. இரிந்தாலும் போகுது, படுத்தாலும் போகுது. நாப்பது நாள் கழிஞ்சா சரியாப் போகுமெண்டாங்க. போகல்ல. ஒளு நிக்காம எப்பிடித் தொழுற? ஒரு கலியாண ஊட்டுக்கும் போறல்ல. அவரு யானைக் காவலெண்டு வயல் வாடிக்குப் போனாரு. வெள்ளாம வெட்டின பொறகும் வாடியிலதான் படுக்காரு."

"ஏன் புள்ள என்னட்ட வரல்ல?"

"நீங்கதானே சுகமெண்டு டிக்கட் வெட்டின."

குற்றம் சாட்டுவதுபோல அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். செலீனா குசினிக் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பரிசோதித்தாள். மூத்திரம் தங்கும் சலப்பைக்கும் பிள்ளை வரும் பாதைக்கும் இடையில், விரல் நுனி போகுமளவுக்கு ஓட்டை இருந்தது.

வயலில் நின்ற கணவன் காலிதீனை ஜெமீலா ஆளனுப்பிக் கூப்பிட்டாள். முற்றத்து மாமரத்தடியில் வைத்துச் செலீனா அவனுக்கு விளக்கினாள். இது ஒரு புண், தைக்கலாம், கொழும்புக்கு வர வேண்டும் என்றாள்.

அவன் முதலில் கேட்டது இதுதான். "அந்த ஆயுதத்தாலயா இது வந்த?"

"ரெண்டு நாள் ஊட்டுக்குள்ள வெச்சிரிந்தா வேற என்ன வரும்?" என்று ஞானராணி முந்திக்கொண்டாள்.

"பொறு, ஞானராணி." செலீனா அவன் பக்கம் திரும்பினாள். "பிள்ளைட தலை ரெண்டு நாள் அமுக்கினா உள்ளுக்குச் சதை அழுகும். ஆயுதமும் பட்டிருக்கலாம். எதால எண்டு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியா. ஆனா இப்பிடி வரலாமெண்டு நான் யோசிச்சிருக்க வேணும். மூத்திரம் போக ரப்பர் குழாய் போட்டு ரெண்டு கிழமை வெச்சிருந்தா அது தானாவே மூடியிருக்கலாம். நான் ஆறாம் நாள் அனுப்பிட்டன்."

"வெட்டு நேரமெண்டு நாங்கதானே கேட்ட?"

"நீங்க கேட்டாலும் நான் விட்டிருக்கக் கூடாது."

காலிதீன் காலில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துவிட்டான். "நான் அவளுக்குத் துப்பரவில்லயெண்டு ஏசியிரிக்கன்" என்றான். பிறகு, "எப்ப போற?" என்று கேட்டான்.

தை மாதம் பிள்ளையை ஜெமீலாவிடம் விட்டுவிட்டு இருவரும் மட்டக்களப்பில் ரயிலேறினார்கள். கொழும்பில் செலீனாவின் தலைமை டொக்டரே ஓட்டையைத் தைத்தார். செலீனா உதவிக்கு நின்றாள். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் ஒழுகத் தொடங்கியது. ஸகியா சீலைக்குள் மறுபடியும் துணி வைத்துக் கட்டினாள். அந்த வார்ட்டில் அவளோடு கதைக்கத் தமிழ் தெரிந்தவர்களும் அதிகமில்லை. புண் ஆற மூன்று மாதம் வேண்டும், அதன் பிறகு இன்னொரு முறை பார்க்கலாம் என்று செலீனா சொன்னபோது, "இன்னொரு தரமும் பிழையாப் போனா?" என்று மட்டும் கேட்டாள்.

"பிழையாப் போகலாம். அப்பவும் இன்னொரு தரம் தைக்கலாம்."

சித்திரையில் இரண்டாம் முறை. இந்த முறை தலைமை டொக்டர் கத்தியைச் செலீனாவிடம் கொடுத்தார். தழும்பைச் சுற்றிச் சதையை நன்றாகப் பிரித்துத் தளர்த்த வேண்டும், இழுத்துப் பிடித்துத் தைத்தால் கிழியும் என்று சொல்லிக்கொண்டே எதிரில் நின்றார். அவள் கை போதிய தூரம் போகாத இரண்டு இடத்தில் தடுத்து, இன்னும் போகச் சொன்னார். எட்டுத் தையலுக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

பதினைந்தாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள். ஸகியா கட்டிலை விட்டிறங்கி வார்ட்டின் அந்தம்வரை நடந்தாள். திரும்பி வந்து கட்டிலில் இருந்தாள். எழும்பி, உடுத்திருந்த சீலையைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் நடந்தாள். மத்தியானம்வரை இப்படியே செய்தாள். பிறகு செலீனாவிடம் வந்து, "தொழ வேணும், ஒளு எடுக்கத் தண்ணி எங்க இரிக்கு?" என்று கேட்டாள். குழாயடியைக் காட்டிவிட்டுச் செலீனா துணி அலுமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வர நேரமெடுத்தது.

புத்தகம் அனுப்பும் நேரம் வந்தது. தலைமை டொக்டர் வாசித்துப் பார்த்துவிட்டுப் பதினான்காவதை எடுத்துவிடச் சொன்னார். "வேறு நல்ல பிரசவங்கள் உன்னிடம் இருக்கின்றன. இதைப் போட்டால் லண்டனில் இதைத்தான் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்."

அவர் சொன்னதில் பிழையில்லை. செலீனாவும் அதை எடுத்து வைத்துவிட்டு ஓர் இரட்டைப் பிள்ளைப் பிரசவத்தை எழுதினாள். இரண்டு நாள் கழித்து இரட்டைப் பிள்ளையைக் கிழித்துவிட்டுப் பதினான்காவதைப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். முன்பு மூன்று பக்கத்தில் முடிந்தது இப்போது பதினொரு பக்கம் வந்தது. ஆறாம் நாள் அனுப்பியதும், பத்து மாதம் விசாரிக்காமல் இருந்ததும், முதல் தையல் விட்டதும் எல்லாம் அதில் இருந்தன. பயிற்சியில் தான் படித்ததில் பாதி அந்தப் பக்கங்களுக்குள்தான் கிடக்கிறதென்று அவளுக்குப் பட்டது. தலைமை டொக்டர் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

1956இல் லண்டனில் அவர் சொன்னபடியே அதைத்தான் கேட்டார்கள். அதற்கெல்லாம் செலீனா நன்றாகவே மறுமொழி சொன்னாள். ஆனால் அடுத்த மேசையில் காட்டிய கருப்பைக் கட்டி ஒன்றைப் பிழையாகச் சொல்லி அந்த முறை தோற்றாள். அடுத்த வருடம் 1957இல் தேறினாள். ஊருக்குத் திரும்பி மட்டக்களப்பில் வேலை ஏற்றாள்.

1959 மாசியில் ஸகியா இரண்டாவது பிள்ளைக்கு வந்தாள். தைத்த இடம் கிழியாமலிருக்க வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டுமென்று முதல் மாதத்திலேயே சொல்லியிருந்ததால், குறித்த நாளுக்கு மூன்று கிழமை முன்பே பாய் தலையணையோடு வந்து வார்ட்டில் இருந்துகொண்டாள். ஜெமீலா ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறை சொல்லிக்கொண்டு தினமும் வந்து போனாள். ஆறேகால் றாத்தலில் பெண்பிள்ளை. ஸுல்பிகா என்று பேர் வைத்தார்கள்.

காலிதீன் வந்து சேர்ந்தபோது ஆண்கள் உள்ளே வரும் நேரம் முடிந்திருந்தது. வார்ட் வாசலில் தயங்கி நின்றான். செலீனா தாதியிடம் சொல்லி அவனை உள்ளே விடச் செய்துவிட்டு, அடுத்த கட்டிலைப் பார்க்கப் போனாள்.