நாலு ஹீட்டர் பிளக்கும் நெல்லிக்காயளவு கற்பூரமும்

ஜெபக்குமாரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய விதம்தான் அவனுக்கு விளங்கவில்லை. திருப்பூர் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி நடத்தும் தண்டாயுதபாணி, சனிக்கிழமை சாயங்காலம் அவனை நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "ஏனுங்க ஜெபக்குமார், திங்கக்கிழமையிலிருந்து வேற டிரைவர் வர்றாருங்க. நீங்க தப்பா நெனச்சுக்கப்படாதுங்க" என்றார். தெற்கே நாசரேத் பக்கத்துக்காரனான அவனுக்கு, இந்த மரியாதைப் பேச்சில் வேலை போகிறதா சம்பளம் கூடுகிறதா என்று பிடிபடவே டீ முழுதும் குடித்து முடிக்க வேண்டியிருந்தது.

முதலாளி காரணம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேறு வேண்டுமா என்று ஜெபக்குமார் எண்ணிக்கொண்டான். அவன் வேதக்காரன், நெற்றியில் திருநீறு பூசாதவன். கம்பெனியோ வாசலிலிருந்து கழிப்பறைக் கதவு வரை முருகன் படம் ஒட்டிய கம்பெனி. மூன்று வாரமாக மினி லாரி காலையில் கிளம்ப மறுக்கிறது. பழி யார் தலையில் விழும்? திருப்பூருக்கு வந்த ஆறு வருடத்தில் இது நாலாவது வேலை. குடியிருக்கும் லைன் வீடும் கம்பெனியுடையது. இன்னொரு தடவை சட்டி பானையைத் தூக்கச் சொன்னால் பிள்ளைகளோடு ஊருக்கே போய்விடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லும் பெண் அல்ல அவள்.

லாரியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சாவியைப் பாதி திருப்பிப் பிடித்தால் என்ஜினுக்குள் நாலு ஹீட்டர் பிளக்கும் சிவந்து சூடேறும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றும். இருபது எண்ணும் வரை பிடித்தால் போதும். போதும் என்று காட்டும் சின்ன விளக்கு எப்போதோ செத்துப்போனது. முதலாளியின் மனைவி நல்லம்மாள் தினமும் வண்டிக்கு முன்னால் மிளகளவு கற்பூரம் கொளுத்துவார். கற்பூரம் ஏற்றும்போது சாவியைத் திருப்பி, அணைந்ததும் ஸ்டார்ட் செய்தால் கணக்குச் சரியாக இருந்தது. முருகனும் மெக்கானிக்கும் கூட்டு வைத்து நடத்திய ஏற்பாடு அது.

மார்கழிக் குளிரில் ஒரு பிளக் வயதாகிச் செத்தது. வண்டி முனகியது. பூசையில் குறை வந்துவிட்டதென்று நல்லம்மாள் கற்பூரத்தைச் சுண்டைக்காயளவு ஆக்கினார். ஜெபக்குமார் அத்தனை நேரமும் சாவியைப் பிடித்திருக்க, இன்னொரு பிளக் கருகியது. வண்டி இன்னும் முரண்டு பிடித்தது. கற்பூரம் நெல்லிக்காயானது. மூன்றாவது பிளக்கும் போயிற்று. அணைக்கிறேன் என்று ஊதி ஊதியே நெருப்பை வளர்த்த கதைதான். நடப்பது ஜெபக்குமாருக்குத் தெரியாமல் இல்லை. தீபாராதனை நடுவில் வேதக்காரன் சாவியை விட்டுக் கையெடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவனுடைய சபையிலும் மூன்று வாரமாக அவனுடைய உபத்திரவத்துக்காக ஜெபம் நடந்தது. அங்கேயிருந்தும் யாரும் ஸ்பேனரோடு இறங்கி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல், புதிதாக நாலு பிளக் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். திங்கட்கிழமை வண்டி ஒரே மூச்சில் கிளம்பிவிட்டால் தன் பேரில் குற்றமில்லை என்று தெரிந்துவிடும், வேலை தங்கும் என்பது அவன் திட்டம். பிளக்குகளை இணைத்த மேல்கம்பியைக் கழற்றினான். மூன்று பிளக்குகள் மரியாதையாக வந்தன. நாலாவது அசையவில்லை. வம்பாகத் திருகி உடைந்தால் என்ஜின் ஹெட்டையே கழற்ற வேண்டும். சுற்றிலும் டீசல் ஊற்றி, பீடி ஒன்றைத் தள்ளி நின்று குடித்து, வந்து அரைக்கால் திருகு முன்னே, அரைக்கால் பின்னே என்று கொஞ்சிக் கொஞ்சி எடுத்தான். பெற்ற பிள்ளையை அப்படிக் கொஞ்சியதில்லை.

புதியவை நாலையும் மாட்டி முடித்து, பழையதில் எது உயிரோடிருக்கிறது என்று பார்க்க அந்த நாலாவதைப் பேட்டரியில் வைத்தான். முனை குங்குமமாகச் சிவந்தது. அந்த நேரம் சாமி படத்துக்கு விளக்கேற்ற வந்த நல்லம்மாள் பின்னால் நின்றிருந்தார். பழக்கதோஷம், இரண்டு கையையும் நீட்டி அந்தச் சூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனார்.

"தொட்டிராதீங்க யக்கா" என்று பிளக்கை இழுத்தான். வாய் திறந்தாகிவிட்டது, இனி மூடி என்ன பயன்? "சாமிக்கு ஒரு கோவமும் இல்ல. கற்பூரம் எரியுத மட்டும் நான் சாவியப் பிடிச்சிருக்கேம்லா, அதுல இது கருகிப் போவுது."

கம்பெனியில் செக்கிங் பிரிவு நல்லம்மாள் கையில். தன் கண்ணால் ஓட்டையைப் பார்க்காமல் ஒரு பனியனையும் தள்ளமாட்டார். உள்ளே போய்த் தட்டோடு வந்து, நெல்லிக்காயளவு கற்பூரத்தை ஏற்றி, இப்போது பிளக்கைப் பேட்டரியில் வைக்கச் சொன்னார். ஜெபக்குமார் வைத்தான். சிவந்தது, மஞ்சளானது, வெளுத்தது, பொசுக்கென்று அணைந்து கருத்தது. கற்பூரம் பாதிகூடத் தீரவில்லை.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?"

திருநீறு பூசாதவன் பூசையைப் பற்றிப் பேசினால் நன்றாகவா இருக்கும், அதற்காகத்தானே வேலையை விட்டே அனுப்புகிறீர்கள் என்று அவன் தன் மூன்று வார மனப்புழுக்கத்தையும் கொட்டினான். நல்லம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க நெத்தியை யாருங்க பாத்தா? மூணு வாரமா ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியலைன்னுதான் எங்கூட்டுக்காரரு வேற ஆள் சொல்லிட்டாருங்க."

இயேசுவுக்காக வேலை போயிருந்தால் சபையில் எழுந்து சாட்சி சொல்லலாம், நாலு பேர் கண்ணீர் விடுவார்கள். வண்டி தெரியாதவன் என்று போனால் எங்கே போய்ச் சொல்வது? பன்னிரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இதைவிட அவமானம் இல்லை.

"வர்ற ஆளை வேண்டாம்னு எங்கூட்டுக்காரரைச் சொல்லச் சொல்றனுங்க. காரணம் கேப்பாரு" என்றார் நல்லம்மாள். "உங்களுக்கு வண்டி தெரியலைன்னு சொல்லட்டுங்களா, தெரிஞ்சும் எங்களுக்குப் பயந்துட்டீங்கன்னு சொல்லட்டுங்களா?"

ஜெபக்குமார் கருகிய பிளக்கைச் செத்த மற்ற மூன்றோடு போட்டான்.

"பயந்துட்டேன்னே சொல்லுங்க யக்கா" என்றான்.